ஒன்பது மதிப்பெண்

டுடோரியல் வாத்தியாரை நான் முதலில் பார்த்தது மருத்துவமனையின் இரண்டாம் மாடியில். பரம்பரையாக வரும் பார்க்கின்சன் நோய்க்கு நல்ல மரபணுவை மூளைக்குள் செலுத்திப் பார்க்கும் சோதனை அங்கே நடந்தது. ஆட்களைப் பதிவு செய்வது என் வேலை. கைநாட்டு வைக்கிற குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதைச் சொன்னதும், "எத்தனை பெர்சன்ட் தம்பி?" என்றார். சொன்னேன். "ம்" என்றார். முப்பது வருஷம் பிள்ளைகளை அழவைத்த "ம்" அது.

அவருடைய அண்ணன் இதே நோயில் மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. அதே மரபணுப் பழுது இவர் ரத்தத்திலும் இருந்தது; நடுக்கம் தொடங்கி மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தார். சோதனையில் பன்னிரண்டு இடம், ஒன்றுதான் மிச்சம். டாக்டர் பரிசோதிப்பதற்கு முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அந்த மாத்திரை போடக் கூடாது, மருந்தில்லாமல் உடம்பு எப்படி இருக்கிறதென்று அவர் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் மகளுக்கும் மூன்று தடவை சொன்னேன்.

"எல்.கே.ஜி. பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றியே."

எல்.கே.ஜி. பிள்ளை கேட்டிருக்கும்.

டாக்டர் என்னென்ன செய்யச் சொல்வார் என்று கேட்டு வைத்துக்கொண்டு, ஒரு வாரம் வீட்டில் விரல் தட்டுவதும் தாளில் சுருள் போடுவதுமாகப் பயிற்சி எடுத்தாராம். அன்று காலை தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். நடக்கச் சொன்னால் அணிவகுப்பே நடத்தினார்.

"மாத்திரை போட்டீங்களா?" டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க சார்."

நடுக்கம் கூடக்கூட மதிப்பெண் கூடும் தேர்வு அது. முப்பதைத் தாண்டினால் இடம். அவர் வாங்கியது ஒன்பது.

"ஒன்பதா? எதுல குறைச்சீங்க?" மறுகூட்டல் உண்டா என்றும் கேட்டார்.

நோய் அவ்வளவு முற்றவில்லை என்று கோப்பை மூடினார்கள். மறுநாள் ஒரு லாரி மெக்கானிக் வந்தார். கை ஆடியதை மறைக்கத் தெரியாத மனிதர். நாற்பத்தொன்று வாங்கினார், இடத்தையும் வாங்கினார்.

நான்காம் நாள் மகள் வந்து நின்றாள்.

"அண்ணே, மாத்திரை அட்டையில ரெண்டு குறையுது. கேட்டா, 'பரீட்சைக்கு எவனாவது தயார் பண்ணாமப் போவானா'ங்கிறார்."

"இடம் போயிடுச்சும்மா."

"இன்னொரு தடவை பார்க்க மாட்டாங்களா?"

"பொய் சொன்னவரை எப்படிம்மா சேர்ப்பாங்க?"

காப்பியடித்தவர்களை வாழ்நாளெல்லாம் வெளியே அனுப்பியவர் அவர்.

இப்போது மகள் வீட்டு முன்னறையில் இருக்கிறார். சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள். பார்க்க வருகிறவர்களிடம், பெரிய டாக்டர்களே தனக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.