கை காட்டினால் முடித்துவிடுவார்

ஜோகுபாளையம் நாகேஷின் சாக்ஸபோனைக் கேட்டவர்கள் பெங்களூரில் ஏராளம். நின்று கேட்டவர்கள்தான் இல்லை. கல்யாண ரிசப்ஷன்களிலும் ஓட்டல்களிலும் முப்பது வருஷமாக ஊதித் தள்ளியிருக்கிறார் மனுஷன். அங்கெல்லாம் ஒரே சட்டம்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையேறினாலோ, யாராவது பெரிய மனிதர் பேச எழுந்தாலோ, ஓரமாக நிற்கும் மேனேஜர் கையைத் தூக்குவார். பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் சட்டென்று அழகாக முடித்துவிட வேண்டும். முடிக்காதவனை அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். நாகேஷைக் கூப்பிடாமல் விட்டதே இல்லை.

ஜாஸ் என்றால் அவருக்கு உயிர். ஒருவன் மனம்போன போக்கில் வாசித்துக்கொண்டே போகலாம்; சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். அப்படி ஒருமுறைகூட அவருக்கு வாய்க்கவில்லை. இப்போது மௌத்பீஸைப் பிடிக்கும் முன்பற்கள் ஆட்டம் கண்டுவிட்டன. பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்றார் பல் டாக்டர். பிடுங்கினால் பழைய வாசிப்பு வராது.

“அதுக்குள்ள ஒரு ஆல்பம் போட்டுடுங்க. ஆசைய உள்ளயே வெச்சிக்கினு என்ன பண்ணப் போறீங்க?” என்று மனைவி வீணாதான் விரட்டினாள்.

இந்திராநகரில் ஒரு ஸ்டுடியோ கிடைத்தது. டிரம்ஸுக்கு, ரிசப்ஷன்களில் கூட வாசித்த டேரில் என்ற பையன். பியானோவுக்கும் பேஸ் கிட்டாருக்கும் அவனுடைய நண்பர்கள். தனித்தனியாகப் பதிந்து ஒட்டுப்போடும் வேலை ஆகாது, நாலு பேரும் ஒரே அறையில் சேர்ந்துதான் வாசிக்க வேண்டும் என்பது நாகேஷின் பிடிவாதம். சின்ன உருப்படிகள் மதியத்துக்குள் முடிந்தன. மிச்சம் இருந்தது அவரே கட்டிய நீளமான மெட்டு. ஆல்பமே அதற்காகத்தான்.

ஆரம்பம் பிரமாதமாக அமைந்தது. பல்வலியை மறந்து நாகேஷ் மேலே மேலே போய்க்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த ஸ்னேஹா சொக்கிப்போய், அருமை என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அவ்வளவுதான். நாகேஷ் ஒரு குழைவு குழைத்து, தலையைத் தாழ்த்தி, முடித்துவிட்டார்.

“அண்ணா, ஏன் நிறுத்திட்டீங்க? சூப்பரா, சக்கத்தா போய்ட்டிருந்துச்சே!” என்றான் டேரில்.

நாகேஷுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. “கை தூக்கிச்சே அந்தப் பொண்ணு,” என்றார். ஸ்னேஹா ஓடிவந்து மன்னிப்புக் கேட்டாள். பாவம், அவள் மேல் என்ன தப்பு?

மறுபடி ஆரம்பித்தார்கள். இந்த முறை கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ஈறில் ரத்தம் கசிந்தது. ஆனாலும் நினைத்ததையெல்லாம் வாசித்தார். நினைக்காததும் வந்தது. மூன்று பேரும் அவரைத் தாங்கிக்கொண்டே வந்தார்கள்.

சொல்ல வேண்டியது சொல்லியாயிற்று என்று அவருக்கே தெரிந்தது. இனி முடிக்கலாம். ஆனால் கை முடிக்கவில்லை. சொன்னதையே திரும்பச் சொன்னார். இன்னொரு சுற்றுப் போனார். மூச்சு வாங்கியது. தன்னையறியாமல் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். ஸ்னேஹா இரண்டு கைகளையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு, பொம்மையாக உட்கார்ந்திருந்தாள்.

நாகேஷ் பாதியில் வாத்தியத்தை இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மற்ற மூவரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் வாசித்து, ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். அவர் வாயைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். இத்தனை களைப்பை அவர் எந்தக் கல்யாணத்திலும் பட்டதில்லை.

ஸ்னேஹா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “இன்னொரு தடவ ட்ரை பண்ணலாமா அண்ணா? முடியுமா உங்களால?”

“பண்ணலாம்மா,” என்றார் நாகேஷ். “ஆனா இந்த தடவ, போதும்னு தோணுச்சுன்னா, நீயே கைய காட்டிடு.”