தாளுக்கு வெளியே போன மழை

ஊட்டி கடைவீதியில், குறுகலான படியேறிப் போகிற மாடியில் அந்த அச்சுக்கடை இருந்தது. மழைக்காலத்தில் உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது, தாள் அலமாரிக்குள் பகலிலும் எரிந்துகொண்டிருக்கும் குண்டு பல்புதான். ஈரம் ஏறிய தாளை பிரிண்டர் ஒழுங்காக இழுக்காது என்பதால் அந்தச் சூட்டில் காயவைப்பார்கள். சூடான தாளின் வாசனையும் நனைந்த ஸ்வெட்டர்களின் வாசனையும் கலந்து கிடக்கும் அறை. இன்று படம் வரையும் வேலையெல்லாம் கைப்பேசியிலேயே முடிந்துவிடுகிறது. ஆனாலும் எங்காவது தூண் தூணாக ஒரு வரைபடத்தைப் பார்த்தால் எனக்கு அந்த வாசனைதான் முதலில் வரும்.

கோயம்புத்தூரில் நாளிதழ் வேலையை விட்டுவிட்டு நான் ஊர் திரும்பியிருந்த சமயம். பிக்கட்டிப் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்று, சுற்றியுள்ள ஊர்களில் அந்த ஆடியில் பெய்த மழையைப் படமாகப் போட்டுக் கூட்ட அறையில் மாட்ட விரும்பியது. மழையளவுகளைச் சேகரித்து எக்செல்லில் ஏற்றி, ஊருக்கு ஒரு தூணாக வரைபடம் தயாரித்திருந்தேன். அதைச் சுவரளவுக்குப் பெரிதாக்க வேண்டும். பென்டிரைவை எடுத்துக்கொண்டு படியேறினேன்.

கடையில் வடிவமைப்பு செய்துகொண்டிருந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். காலியான அந்த நாற்காலியை, ஜெராக்ஸ் மெஷினில் நின்றுகொண்டிருந்த பெண்மணி கேட்டிருந்தார். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய குடும்பம். குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நாள் முழுக்கச் சிமெண்ட் தரையில் நின்று அவருக்குக் கால் வீங்கும். சாப்பாட்டு நேரங்களில் பார்த்துப் பார்த்தே வரையும் மென்பொருளைப் பழகியிருந்தார்.

“சார் வேலை நல்லா வந்துச்சுன்னா சீட்டு உனக்கு. சொதப்புனியோ, ஜெராக்ஸ்தான்” என்று முதலாளி என் முன்னாலேயே சொல்லிவிட்டு, சாப்பிடப் போனார்.

அந்தப் பெண்மணி எக்செல் படத்தை காப்பி செய்து வரையும் மென்பொருளில் ஒட்டினார். ஒரே புகைப்படமாக வந்து விழுந்தது. பெரிதாக்கினால் ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்ததுபோல் மங்கியது. அதை அழித்துவிட்டு, கோடுகளாகவே வரும்படி வேறு வகையில் ஒட்டினார். பிறகு எல்லாவற்றையும் பிரித்தார். தூண்கள், கோடுகள், எழுத்துகள் தனித்தனியாகக் கழன்றன. தமிழ் எழுத்துகள் தாறுமாறாகச் சிதறியிருந்தன.

“கோத்தகிரி பஸ்ஸு கவுந்த மாதிரி கெடக்கு சார்” என்று சொல்லிக்கொண்டே ஊர்ப் பெயர்களை மறுபடி தட்டச்சு செய்தார்.

எனக்குக் கவலை தூண்களைப் பற்றி. எக்செல்லில் தூணின் உயரம் எண்ணோடு கட்டுண்டது. எண் மாறாமல் அது மாறாது. இங்கே வந்தபின் அது வெறும் பெட்டி. மவுஸ் தவறிப் பட்டாலே மழை கூடும், குறையும். நாளிதழில் அப்படி வளர்ந்துவிட்ட ஒரு தூண் அச்சேறி, மறுநாள் திருத்தம் போட்டதைப் பார்த்தவன் நான். அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“பின்னாடி நின்னு மூச்சு விடாதீங்க சார். மழை ஆடுது.”

சுவரில் தூரத்திலிருந்தும் தெரிகிற அளவுக்குப் படத்தை அவர் பெரிதாக்கியபோது, எல்லா ஊரையும்விட அதிகம் மழை பெய்த அவலாஞ்சியின் தூண் தலைப்பைத் தாண்டி, தாளின் விளிம்பையும் தாண்டி வெளியே போய்விட்டது.

“நடுவுல வெட்டிருங்க. ஒரு நெளிகோடு போட்டா போதும். பேப்பர்ல அப்படித்தான் பண்ணுவோம்” என்றேன்.

“பேப்பரை உக்காந்து படிப்பாங்க. இது செவுத்துல தொங்குறது. வெட்டுனா அவலாஞ்சியும் குந்தாவும் அண்ணன் தம்பி மாதிரி நிக்கும்.”

“அப்ப எல்லாத்தையும் சின்னதாக்குங்க.”

“பண்ணிப் பாத்தாச்சு. குன்னூர் சம்மணம் போட்டு உக்காந்துருச்சு.”

திரையில் தாளுக்கு வெளியே இருந்த வெற்றிடத்தில் தூணின் மிச்சம் நின்றுகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பின் அந்த மிச்சத்தை மட்டும் ஒரு துண்டுத் தாளில் அச்சிட்டு, நறுக்கி, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பின்புறம் பசை தடவி ஒட்டினார். தாளுக்கு மேலே அது டீ பாக்டரிப் புகைக்கூண்டு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. உயரத்தை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சரி என்றேன்.

சாப்பிட்டு வந்த முதலாளி அதைப் பார்த்தார். “என்னம்மா இது, ஒட்டுப்போட்ட துணியாட்டம்? யாரு வாங்குவா?”

“நானும் பார்த்துத்தான் சரின்னேன்” என்றேன்.

“மாட்டப் போறவரு சொல்லோணும் சார். நீ எந்திரிம்மா.”

அவர் எழுந்து போய் மெஷின் அருகே நின்றார். ரேஷன் கார்டோடு காத்திருந்தவர்களுக்கு நகல் எடுக்கத் தொடங்கினார். நான் இருவரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சங்கத் தலைவர் குடையை உதறிக்கொண்டே வந்தார். மேசையில் தாளை விரித்தோம். அவர் விரல் பிக்கட்டியில் ஏறி இறங்கி, குந்தாவில் ஏறி இறங்கி, அவலாஞ்சியில் ஏறியது. ஒட்டைத் தாண்டி, துண்டுத் தாளின் உச்சிவரை போனது. சிரித்துவிட்டார்.

“ஏனுங்க, அந்த ஆடியில ரோடு, தோட்டம் ஒண்ணும் தெரியலீங்க. இப்படித்தானுங்க பேஞ்சுது. மேல கூரைச் சட்டம் இடிக்கும், இடிச்சா இடிக்கட்டும்.” பின் முகத்தைச் சுருக்கினார். “ஆனா எங்கூரு பேரு எறும்பாட்டம் இருக்குதுங்களே? அவலாஞ்சிக்காரன் சிரிப்பானுங்க. கொஞ்சம் எங்களைப் பெருசாக்குங்க.”

மெஷின் பக்கமிருந்து குரல் வந்தது. “பேரைப் பெருசாக்கலாங்க. மழையத்தான் பெருசாக்கக் கூடாது.”

தலைவர் மறுபடி சிரித்தார். முதலாளி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெஷின் பக்கம் பார்த்தார்.

“அங்கேயே நின்னு சொன்னா எப்படி? வந்து பெருசாக்கு” என்றார்.

பெண்மணி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கவே முதலாளி தானே மெஷினுக்குப் போனார். அவர் எடுத்த முதல் நகலில் ரேஷன் கார்டின் பாதிதான் விழுந்தது. யாரோ அதை உரக்கச் சொன்னார்கள். நாற்காலியில் இருந்தவர் திரும்பவில்லை; செருப்பைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, காலை நீட்டிக்கொண்டு, பிக்கட்டியைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.