பிரேக்கில் வைத்த கால்

சவுரிராயனுக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாது. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிற ஆள். திண்டிவனத்தில் லாரி ஓட்டிய காலத்தில், சக்கரத்துக்குக் கட்டை வைக்கப் பொறுமையில்லாமல், வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் புகுந்தான். லாரி நகர்ந்து இறங்கியதில் இடது கால் நசுங்கிப்போனது. கிளட்ச் மிதிக்க முடியாதவனுக்கு யார் வண்டி தருவார்கள்? வருடக்கணக்காக வீட்டில் கிடந்து தானும் நொந்தான், மனைவி பூமாலையையும் நோகடித்தான்.

2014இல் பழைய கார் ஒன்று அமைந்தது. கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும், வலது கால் ஒன்றே போதும். சவுரிராயன் மறுபடி டிரைவரானான். வண்டி ஓடுகிற வரைக்கும்தான் இந்த மனுஷன் மனுஷனாக இருப்பான் என்று பூமாலைக்குத் தெரியும்.

அந்தக் கார்தான் இப்போது கியர் மாறும்போதெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. கியர்பெட்டி போய்விட்டால் பழையபடி வீட்டில் கிடக்க வேண்டியதுதான். ஆயில் மாற்றிப் பார்க்கலாம் என்று டப்பாக்களை வாங்கி வந்தவன், வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதுமே குனிந்தான்.

“கட்ட எங்க?” என்று வந்து நின்றாள் பூமாலை.

“அஞ்சு நிமிஷ வேல புள்ள.”

“அன்னிக்கும் அஞ்சு நிமிஷ வேலதான்.”

பின்சக்கரங்களுக்கு அவளே மரக்கட்டைகளை அண்டக் கொடுத்தாள். முன்பக்கம் இரும்புத் தாங்கிகளில் உட்கார்ந்து, அவள் பிடித்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் அவனை அடியில் விட்டாள். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில், கருகிய வாடையோடு டிகாக்‌ஷன் மாதிரி வடிந்தது.

எவ்வளவு வடிகிறதோ அவ்வளவுதான் புதிதாக ஊற்ற வேண்டும். இவன் அளந்தானா? வடிந்து முடிந்ததும் அடிமூடியை முடுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். திரும்பி வந்தால் பழைய ஆயிலைப் பிடித்து வைத்திருந்த தட்டு காலி. பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் தன் கொட்டகைக் கம்பங்களுக்கு அதைப் பூசிக்கொண்டிருந்தாள்.

“கரையான் அரிக்குது தம்பி. பழைய ஆயில எடுத்துக்கன்னு நீதான எப்பவும் சொல்லுவ.”

லாரிக் காலத்திலிருந்தே அப்படித்தான். திட்டவும் முடியவில்லை.

“எல்லா டப்பாவையும் கவுத்துடறேன்” என்றான் எரிச்சலோடு.

“கூடினாலும் கியர்பெட்டி கெட்டுப்பூடும்னு சொன்னது யாரு?” என்றாள் பூமாலை.

இனி ஒரே வழிதான். கொஞ்சம் ஊற்றி, வண்டியைச் சமதரையில் இறக்கி, எஞ்சினைச் சூடாக ஓடவிட்டு, அளவுக் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். போதாவிட்டால் மறுபடி கொஞ்சம். பூமாலை அவனைப் பிரேக்கை மிதித்தபடி உட்கார வைத்தாள். அவன் ஒவ்வொரு கியராகப் போடும்போது ஓரமாக விலகி நின்றாள். பார்க்கிங்குக்கு வந்ததும் வண்டிக்கு முன்னால் வந்து குனிந்து கம்பியைத் துடைத்துப் பார்த்தாள்.

கைபிரேக் இருந்தது, சக்கரத்துக்குக் கட்டை இருந்தது. ஆனாலும் அவன் பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தான். உறுமுகிற வண்டியின் தூக்கிவைத்த பானெட்டுக்குக் கீழே, இடுக்கில் அவள் தலைமுடி மட்டும் தெரிந்தது. இத்தனை வருடம் இவள் எப்படிப் பயந்திருப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது. கால் மரத்துப்போயும் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

கடைசி முறை கியர் வெட்டாமல் விழுந்தது. அவள் கம்பியைச் செருகிவிட்டு நிமிர்ந்தாள்.

“அளவு சரியா கீது. கால எடுங்க.”

அவன் எடுக்கவில்லை.

“நீ மொதல்ல தள்ளி நில்லு” என்றான்.