கடைசிக்கென்று ஒதுக்கிய கட்டுரைகள்

"மெரில் கோவல்சுக், மூச்சுச் சிகிச்சைப் பிரிவு. போதுமான தகவல் இல்லாதபோதும் தயங்காமல் முடிவெடுப்பவர். நெருக்கடியில் பதற்றம் காட்டாதவர்." கனடாவின் தண்டர் பே நகர மருத்துவமனை ஒன்றில் ஆண்டுதோறும் ஊழியரைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்பு இது. இதை எழுதிய மேலதிகாரி, மெரில் புத்தகம் வாங்குவதைப் பார்த்ததில்லை.

குறிப்பு பொய் என்றும் சொல்ல முடியாது. மூச்சு நின்றவரின் தொண்டைக்குள் அவள் குழாயைச் செலுத்தும்போது பக்கத்தில் நிற்கும் டாக்டர்களுக்குத்தான் வியர்க்கும். அதே கை, பயிற்சிப் புத்தகங்களின் முன்னால் நவம்பர் முழுக்க அந்தரத்தில் நின்றது.

மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வின் மற்றப் பிரிவுகளுக்குப் பாடம் உண்டு, நெட்டுருப் போடலாம். வாசிப்புப் பிரிவுக்குப் பாடமே கிடையாது. தத்துவமோ தோட்டக்கலையோ, முன்பின் பார்க்காத ஒரு கட்டுரையைக் கொடுத்து, எழுதியவர் என்ன நினைத்தார் என்று கேட்பார்கள். படிக்க எதுவுமில்லாத பிரிவு என்பதாலோ என்னவோ, அதற்குத்தான் கடைகளில் ஆக அதிகப் புத்தகங்கள்.

மெரில் இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் இந்தப் பிரிவில்தான் விழுந்தாள். ஜனவரியில் மூன்றாவது முறை. அதோடு சரி என்று கணவன் டெல்மரிடம் சொல்லியிருந்தாள். மருத்துவமனை அவளுக்கு மேற்பார்வையாளர் பதவி தருவதாகச் சொல்லியிருந்தது. ஜனவரி முடிவதற்குள் பதில் வேண்டும். தேர்வு முடிவு பிப்ரவரியில்தான் வரும். பதவியை ஏற்றால் மூன்று வருஷம் வேறு எங்கும் நகர முடியாது. அதற்குள் அவளுக்கு நாற்பது நெருங்கிவிடும்.

ஆகவே சரியான புத்தகம் வேண்டும். ஒரு கம்பெனியின் கட்டுரைகள் தேர்வைவிடக் கடினம் என்றார்கள். இன்னொன்று குழந்தைகளுக்கானது என்றார்கள். மூன்றாவதின் விடைகள் தப்பு என்றார்கள். நான்காவதை எல்லோரும் திட்டினார்கள், எல்லோரும் வைத்திருந்தார்கள். மெரில் நான்கையும் வாங்கினாள். இணையத்தில் அடித்துக்கொள்ளும் அத்தனை பேரும் ஒத்துப்போன சங்கதி ஒன்றே ஒன்று: தேர்வை நடத்துகிறவர்களே வெளியிடும் கட்டுரைகள்தான் தங்கம், அவற்றை முன்கூட்டியே தொட்டு வீணாக்கக் கூடாது. போன வருஷம் மெரில் அவற்றை வீணாக்காமல் காப்பாற்றியதில் இணையத்தில் அவற்றைப் படிக்கும் அனுமதியே காலாவதியாகிவிட்டது. இந்த வருஷம் மறுபடி வாங்கி, மறுபடி காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

டெல்மருக்குத் துறைமுகத்துத் தானியக் கிடங்கில் வேலை. ஒரு மாலை பெரோகி என்னும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையை வேகவைத்துக்கொண்டே கேட்டான்.

"நாலு கம்பெனி ஆச்சு. இதுல எது நல்லதுன்னு சொல்ல அஞ்சாவதா ஒண்ணு வருமா, டாக்டரம்மா?"

"கிண்டல் பண்ணாத."

"தேர்வு வைக்கிறவங்களோடதே உங்கிட்ட இருக்குல்ல?"

"அது கடைசிக்கு."

"போன வருஷமும் கடைசிக்குத்தான் இருந்துச்சு."

"உனக்குப் புரியாது டெல்மர். இப்பவே அதைப் பாத்துட்டா, நான் எந்த லட்சணத்துல இருக்கேன்னு தெரிஞ்சுபோயிடும்."

"அதுக்குத்தானே பயிற்சி?"

பெரோகித் தண்ணீர் பொங்கி வழிந்தது. மெரில் அடுப்பை அணைத்தாள்.

டிசம்பரில் கடினமான கம்பெனியின் கட்டுரை ஒன்றை மருத்துவமனை வாசலில் காரிலேயே உட்கார்ந்து படித்தாள். பழைய காலத்து வேலிச்செடிகளைப் பற்றியது. ஒன்றைத் தவிர எல்லாக் கேள்விக்கும் அவள் விடை தப்பு. வேலிச்செடி புரியாதவளுக்கு வைத்தியம் எதற்கு என்று அழுதாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள். குளிரில் எஞ்சின் உறையாமலிருக்கக் மின்கம்பத்தில் சொருகியிருந்த சூடேற்றி வயரைக் கழற்ற மறந்துபோய், அதைப் பிய்த்து இழுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

வியாழக்கிழமைகளில் அவள் டோனட் கடையில் லீஃப் டுவோமினனைச் சந்திப்பது வழக்கம். பல்கலைக்கழக மாணவன், கோடையில் அதே தேர்வை எழுதிவிட்டு, கல்லூரிகளின் பதிலுக்குக் காத்திருந்தான். உதட்டில் பெர்சியன் என்னும் அந்த ஊர்ப் பன்னின் இளஞ்சிவப்புச் சர்க்கரையோடு அவன் வாய் ஓயாமல் பேசும்போது மெரில் புத்தகத்தை நீட்டினாள்.

"இந்த வேலிக் கட்டுரையைப் பாரு. மூணாவது கேள்விக்கு ஏன் கடைசி விடை? ரெண்டு நாளா மண்டையை உடைச்சுக்கிறேன்."

லீஃப் பார்த்தான். மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான்.

"ஐயோ. இது நான் எழுதினது, மெரில்."

"என்னது?"

"கோடைல பார்ட் டைம் வேலை. கட்டுரைக்கு இவ்வளவுன்னு தருவாங்க. கஷ்டமா இருந்தாத்தான் விக்கும்னு சொன்னாங்க."

"சரி, ஏன் கடைசி விடை?"

"நான் ரெண்டாவதுதான் வெச்சிருந்தேன். எல்லாரும் சரியாப் போட்டுருவாங்கன்னு மாத்தச் சொல்லிட்டாங்க."

"பாவி, இதுக்கு நான் அழுதேன்டா! கார் வயரைப் பிச்சேன்!"

"வயருக்கு வேணா பாதி தரேன்."

"நீ வாசிப்புல எவ்வளவு வாங்கின?"

லீஃப் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னான். மெரில் போன வருஷம் வாங்கியதைவிட ஒன்று குறைவு.

ஆறுதலாக இருந்திருக்க வேண்டிய செய்தி. மெரிலுக்கு அப்படி இல்லை. தப்பாய்ப் போனவை பொய்க் கணக்கு என்றால், சரியாய் வந்தவையும் அப்படித்தானே? தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல அவளிடம் எதுவுமே இல்லை, அந்தத் தங்கத்தைத் தவிர.

வீட்டுக்குப் போய், தலையில் கம்பளித் தொப்பியைக்கூடக் கழற்றாமல், அதைத் திறந்தாள். பாதிக்குப் பாதி தப்பு. போன வருஷம் நின்ற அதே இடம்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து சில கட்டுரைகள். ஒவ்வொன்று முடியும்போதும் மீதியை எண்ணிப் பயந்தாள். கிறிஸ்துமஸ் வாரத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டன.

"இனிமே என்ன பண்றது?"

"திரும்பப் படி," என்றான் டெல்மர்.

"விடை ஞாபகம் இருக்குமே."

"நேத்து என்ன சாப்பிட்டோம், சொல்லு பாப்போம்."

திரும்பப் படித்தாள். பல கேள்விகளில் அதே தப்பையே மறுபடி செய்தாள். அப்போதுதான் பிடிபட்டது: கட்டுரையாளர் பாதி சொல்லும்போதே மீதியைத் தானாக முடித்து, அவர் சொல்லாததற்கு விடை எழுதிக்கொண்டிருந்தாள். போதுமான தகவல் இல்லாதபோதும் தயங்காமல். மருத்துவமனை ஆண்டுதோறும் பாராட்டிய குணம் இரண்டு வருஷமாக அவளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து, விடைக்கு ஆதாரமான வரியைக் கண்ணால் பார்க்காமல் எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். வேகம் குறைந்தது. நேரம் போதாதே என்ற புதிய பயம் வந்து, பழைய பயத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

தேர்வு நாளில் அந்தக் குறைந்த வேகத்திலேயே முதல் முறையாகக் கடைசிக் கட்டுரை வரை போனாள். வெளியே வந்தவளிடம் எப்படி என்று டெல்மர் கேட்டதற்கு, "தெரியல," என்றாள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள்.

மெரில் சந்தையிலுள்ள எல்லாப் புத்தகங்களையும் கரைத்துக் குடித்துவிட்டாள் என்று டெல்மர் இன்றும் பனித்தரையில் கல் தள்ளிக் கர்லிங் விளையாடும் இடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் படித்து முடித்தது ஒன்றைத்தான், அதுவும் இரண்டு முறை. ஜனவரி கடைசி வெள்ளிக்கிழமை, தேர்வு முடிவு வருவதற்கு முன்பே, தயங்காமல், மேற்பார்வையாளர் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள்.