கவிழ்த்துப் போட்ட நீலப் பெட்டி

எங்கள் வீட்டு வாசலில் ஒரு நீலநிறப் பிளாஸ்டிக் பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது. திராட்சை அள்ளும் பெட்டி; ஒரு மூலை உடைந்துவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மதினியைப் பற்றி, அதாவது அண்ணன் சம்சாரத்தைப் பற்றி, எனக்கு விளங்காத ஒன்று மனசில் வந்து நிற்கும்.

2003 ஆம் வருஷம் இருக்கும். நானும் மதினியும் காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குக் கொடி கட்டப் போவோம். பந்தல் வேலை என்றால் பொழுதுக்கும் அண்ணாந்த தலையும் தூக்கிய கையும்தான். அந்த வருஷம் கழுத்து இறுகி, வலது கை மரத்து, சணல் விரலிலிருந்து நழுவ ஆரம்பித்தது. கை போனால் எனக்கு வேறு பிழைப்புத் தெரியாது. மதினிதான் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லி, பயிற்சி சொல்லித்தரும் ஓர் அம்மாவிடம் அனுப்பினார்.

"நாள் பூரா கையத் தூக்கிட்டு நிக்கிறேன், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ்?" என்று கேட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே என் உள்ளங்கையை என் நெற்றியில் வைத்தார். கை தலையைத் தள்ள வேண்டும், தலை கையைத் தள்ள வேண்டும், கழுத்து மட்டும் அசையக் கூடாது. லேசாக, ஐந்து எண்ணும் வரை. கழுத்தை வட்டமாகச் சுற்றக் கூடாது, அண்ணாந்து பார்க்கக் கூடாது, கையில் வலி சுரீரென்று இறங்கினால் அப்போதே நிறுத்திவிட வேண்டும். அசையாமல் இருப்பது எப்படிப் பயிற்சியாகும்? எங்களுக்கு வலித்தால்தான் வேலை நடந்ததாக அர்த்தம். வீட்டுக்கு வந்து பலங்கொண்ட மட்டும் தள்ளினேன், நன்றாகச் சுற்றியும் பார்த்தேன். மூன்றாம் நாள் காபி டம்ளர் கையிலிருந்து விழுந்தது.

"அந்தம்மா என்ன சொன்னாக, நீ என்னத்தா செய்ற? மாவா ஆட்டச் சொன்னாக?"

"லேசாத் தள்ளுனா வலி கேக்குமா மதினி?"

"வலி கேக்கும். நீதான் கேக்க மாட்டேங்குற."

அன்றிலிருந்து காலையும் மாலையும் எதிரில் உட்கார்ந்து அவரே எண்ணினார். ஆனால் காலையில் பயிற்சி செய்துவிட்டுப் பகலெல்லாம் அண்ணாந்தால்? அதற்கும் அவரே வழி கண்டார். பந்தலுக்கடியில் இந்தப் பெட்டியைக் கவிழ்த்து, "ஏறு" என்றார். ஏறி நின்றால் கொடி கண்ணுக்கு நேராக வந்தது. ஒவ்வொரு செடிக்கும் காலாலேயே பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவார்.

"ஏத்தா, மேடையெல்லாம் பலமா இருக்கு, எலெக்சன்ல நிக்கிறியா?" என்றாள் பக்கத்து வரிசைக்காரி.

"நின்னா உன் ஓட்டு எங்கிட்டும் போயிராது. கொடியக் கட்டு," என்றார் மதினி.

கொஞ்சம் கொஞ்சமாகக் கை தேறியது. இன்றைக்கும் என் விரலில் சணல் முடிச்சு ஒழுங்காக விழுகிறது.

இப்போது மதினிக்குக் கழுத்து. என்னைவிட நாலு விரற்கடை குட்டை அவர். அத்தனை வருஷமும் என் பக்கத்தில் தரையில் நின்று அண்ணாந்துகொண்டிருந்தார். இன்று காலை அதே பெட்டியில் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்துத் தள்ளினார். எண்ணுவது நான்.

"மதினி, தோட்டத்துல பெட்டி மலையாக் கெடந்துச்சே. நீங்களும் ஒண்ணு எடுத்துப் போட்டிருக்கலாம்ல?"

"தோணலியேத்தா," என்றார். "உனக்கும் தோணலியே."

மறுபடி எண்ண ஆரம்பித்தேன்; எண்ணிக்கை எனக்கு மூன்றிலேயே நின்றுபோனது. மதினி கழுத்தை அசைக்காமல், நாலுக்காகக் காத்திருந்தார்.