தவறிப்போன முறை

திரைச்சீலை தைக்கிற அவளுக்கு வீட்டில் 'பராக்கு' என்றுதான் பெயர். ஜன்னல் வெளிச்சம் துணிமேல் மெல்ல நகர்வதைப் பார்க்கத் தொடங்கினால் பால் பொங்கி வழிவதுகூடத் தெரியாது. நாற்பதைத் தாண்டிய பிறகுதான், இது கவனக்குறைபாடாக இருக்கலாம், பெரியவர்களுக்கும் பரிசோதனை உண்டு என்று கேள்விப்பட்டு அரசு மருத்துவமனையில் பதிந்தாள். ஒரு வருடத்துக்கும் மேல் காத்திருந்தாள். முறை வந்த அன்று, பேருந்தில் மேகம் பார்த்துக்கொண்டே கடைசி நிறுத்தம்வரை போய்விட்டாள்.

மறுநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய் நின்றாள்.

"வராதவங்க பேரை எடுத்துடுவோம்மா. முதல்லேர்ந்து பதியணும்" என்றார் பதிவுப் பிரிவுப் பெண்.

"கவனம் சிதறுதுன்னு வந்தவளை, கவனமா வரலைன்னு திருப்பி அனுப்பினா எப்படிங்க?" என்றாள் அக்கா.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். "மதியம் ஒருத்தர் வரலையாம். அந்த இடத்துல பார்க்கிறாங்க. இங்கேயே உட்காருங்க. ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாம்."

மருத்துவர் அவளுடைய சின்ன வயதைப் பற்றி நிறையக் கேட்டார்.

"சோம்பேறின்னு நாங்கதான் திட்டித் தீர்த்தோம்" என்றாள் அக்கா, தலை குனிந்தபடி.

"சோம்பேறித்தனம் இல்லம்மா. இவங்க மூளை வேலை செய்யற விதமே அப்படி. மருந்து இருக்கு, பழக்கிக்க வழியும் இருக்கு."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்றாள். ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தாள். அக்கா பக்கத்தில் இருக்கும்போதே அதை மறுபடி கேட்க வேண்டும்போல் இருந்தது.