பருப்பு வராத மாதம்

"…போன ஆளுக்கு நாம அரிசி வாங்குன சேதி எதுக்குங்கறேன்? இந்த மாசமாவது ரேசன் கார்டுல அந்த நெம்பர மாத்தீட்டு வா" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே பெரியம்மா கம்பெனி வேனில் ஏறினாள்.

அப்பாவின் நம்பரைத்தான் சொன்னாள். அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு பெருந்துறைப் பக்கம் வேலைக்குப் போன அப்பா இரண்டு வருஷமாகத் திரும்பவில்லை, பேச்சும் இல்லை. ஆனால் நாங்கள் வாங்குகிற அரிசி, பருப்பு, சர்க்கரையை மாதாமாதம் மெசேஜில் அரசாங்கம் அவருக்குத் தவறாமல் தெரிவித்துவந்தது. எங்களைப் பற்றி அவரிடம் சொல்ல வேறு ஆள் கிடையாது. நம்பரை மாற்றச் சொன்னால் அம்மா "ஆகட்டுங்க்கா" என்பாள். மாற்ற மாட்டாள்.

வழக்கமாக ரேஷன் கடையில் விரல் வைப்பவள், எங்களோடு குடியிருந்த பெரியம்மாதான். அன்று அவள் கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். மாதக் கடைசி நாள் வேறு. அதனால் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். பனியனில் கறை எடுக்கிற வேலை அவளுக்கு. கறை மருந்து அரித்து ரேகை தேய்ந்த அந்த விரல்களை மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை.

"ஓடிபி அனுப்பியிருக்கனுங்க. பாத்துச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

"அது எங்கூட்டுக்காரரு போனுக்குப் போயிருக்குமுங்க."

"அப்பக் கூப்புட்டுக் கேளுங்க. இன்னைக்கு உட்டா இந்த மாச அரிசி போச்சுங்க."

அம்மா போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்ல நேரம் பாக்கறீங்களாக்கா? பின்னால நாங்கெல்லாம் நிக்கறோம்" என்றாள் வரிசையில் ஒருத்தி. அம்மா அழைத்தாள். கடைக்காரருக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

அப்பா அலோகூடச் சொல்லவில்லை. ஒவ்வோர் எண்ணாக நிறுத்தி வாசித்தார். அம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். அரிசி தராசுக்குப் போயிற்று. போனை வைக்கப்போகும்போது அப்பா கேட்டார்:

"போன மாசம் பருப்பு வாங்கலியாட்ட இருக்குது?"

"ஸ்டாக்கு இல்லீன்னுட்டாங்க."

"லாரியே வரலீங்க" என்று மேலதிகாரியே கேட்டதுபோல் தராசருகிலிருந்து பதில் சொன்னார் கடைக்காரர்.

"பாப்பாளுக்குப் பருப்பில்லாட்டிச் சோறெறங்காதே." என்னைத்தான் சொன்னார்.

"மளிகைக் கடையில வாங்கிப் போட்டனுங்க" என்றாள் அம்மா. அவ்வளவுதான் பேச்சு.

சாயங்காலம் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். பருப்பு விஷயத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். நம்பரை மாற்றியாயிற்றா என்று கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் லீவு நாளில் மூவரும் கடைக்குப் போனோம். கம்பெனி வாசலில் இருக்கும் மெஷின் தன் விரலை ஒரே தடவையில் எடுத்துவிடும் என்று பெருமை அடிப்பவள் பெரியம்மா. அப்படிப்பட்ட விரலை அன்று ஏன் ஒளித்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை. கடைக்காரர் மெஷினை நீட்டியதும் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"எனக்கும் ரேகை தேஞ்சுபோச்சாட்ட இருக்குதுங்க சாமி. ஓடிபியே அனுப்பீருங்க" என்றவள், அம்மாவை முழங்கையால் முன்னே தள்ளிவிட்டாள்.